ஸ்டாப்பரா, லெஃப்ட் பேக்கா?

அடுத்த மாதம் நம் பெண்கள் கால்பந்து லீக்கில் ஆட்களைப் பிரித்தெடுக்கும் நாள் வருகிறது. பயிற்சியாளர்களான உங்களில் மூன்று பேர் அதற்குள் எனக்குப் போன் செய்துவிட்டீர்கள். மூவரும் கேட்டது ஒரே கேள்விதான்: தடுப்பாட்டத்துக்கு முதலில் யாரை எடுப்பது? கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் ஸ்டாப்பரையா, ஓரத்தில் நிற்கும் பேக்கையா, கோலியையா? போனில் நான் மழுப்பிவிட்டேன். இதே கேள்விக்கு ஒருமுறை மிகத் தெளிவாகப் பதில் சொல்லி, ஒரு அணியையே லீக்கிலிருந்து வெளியேறும் நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியவள் நான். அதை முழுதாகச் சொன்னால்தான் உங்களுக்கு ஏதாவது உபயோகம் இருக்கும் என்று தோன்றியது. அதனால்தான் இன்று வந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஐந்து சீசன் கம்பம் பக்கத்துப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தேன். நம் லீக் நடக்கும் விதம் உங்களில் பலருக்குத் தெரியும். இந்த வருடம் புதிதாக வந்திருக்கும் இரண்டு பேருக்காகச் சொல்கிறேன். ஆறு அணிகள். ஒவ்வோர் அணியும் பழைய ஆட்களில் பத்துப் பேரை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பொதுப் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். புதிதாக ஆட வருகிறவர்களும் அதில்தான் பெயர் கொடுப்பார்கள். சீட்டுக் குலுக்கி வரிசை போட்டு, அந்தப் பட்டியலிலிருந்து சுற்றுக்கு ஒருவராக ஒவ்வோர் அணியும் எடுக்க வேண்டும். உங்கள் முறை வந்ததும் பெயரைச் சொல்ல இரண்டு நிமிடம். லீக்கில் கடைசியாக வரும் அணிக்கு அடுத்த வருடம் இடம் கிடையாது.

ஒரு வருடம்தானே என்று ஆண்கள் அணிக்காரர்கள் சொல்வார்கள். நம் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. ஒரு வருடம் ஆட்டம் இல்லையென்றால் வீட்டில் ஷூவை எடுத்துப் பரணில் போட்டுவிடுவார்கள். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். அதற்கடுத்த வருடம் அணி திரும்ப ஆட வரும்போது பாதிப் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள்.

என்னுடைய இரண்டாவது சீசனில் நாங்கள் ஆறில் ஐந்தாவதாக வந்து தப்பித்திருந்தோம். கோல் போடத் தெரிந்த பிள்ளைகள் எங்களிடம் இருந்தார்கள். கோலியும் நல்லவள். ஆனால் போட்டதைவிட அதிகமாக வாங்கினோம். வாங்கியவற்றில் முக்கால்வாசி ஒரே மாதிரியானவை. பந்து உயரத்தில் வரும், எதிரணிப் பிள்ளை எங்கள் கோலுக்கு நேர் முன்னால் நின்று தலையால் முட்டுவாள், உள்ளே போய்விடும். அந்த இடத்தில் நிற்க வேண்டியவள் எங்கள் ஸ்டாப்பர் முத்துமாரி.

முத்துமாரி காமயகவுண்டன்பட்டிக்காரி. திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்துக்கொண்டே ஆட வருவாள். அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. ஸ்டாப்பருக்கு இருக்க வேண்டிய உயரம் அவளிடம் இல்லை. பேச்சும் இல்லை. திட்டினாலும் பாராட்டினாலும் "சரி டீச்சர்" என்று ஒரே பதில்தான் வரும்.

எங்கள் ஆட்டங்களை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் மொபைலில் எடுத்து குரூப்பில் போடுவார்கள். சீசன் முடிந்ததும் அவற்றையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். கோல் விழப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் யாரும் மொபைலைத் தூக்குவார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. எல்லா வீடியோவிலும் பந்து ஏற்கெனவே காற்றில் இருந்தது. எல்லா வீடியோவிலும் முத்துமாரி தன் இடத்தில் இல்லாமல் எங்கிருந்தோ ஓடி வந்துகொண்டிருந்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஸ்டாப்பரை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

உதவிப் பயிற்சியாளர் பாண்டியராஜன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கம்பத்தில் டயர் கடை வைத்திருப்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒரு காலத்தில் விங்கராக ஆடியவர். எதிரணியில் எந்த ஓரம் பலவீனம் என்று தேடித் தேடியே பந்து கொண்டுபோகப் பழகியவர் அவர். பிரித்தெடுக்கும் நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது அவருடைய கடையில் உட்கார்ந்து பேசினோம். கடைப் பையன்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் சாக்பீஸை எடுத்துத் தரையில் மைதானத்தை வரைந்தார்.

"போடிக்காரக போட்ட ரெண்டாவது கோலச் சொல்லுங்க டீச்சர்."

"அந்த ஒம்பதாம் நம்பர் முட்டுனா. முத்துமாரி பக்கத்துலயே இல்ல."

"பந்து எங்கன இருந்து வந்துச்சு?"

யோசித்தேன். "ஓரத்துல இருந்து. நம்ம எடது பக்கம்."

அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். அடுத்த கோலைக் கேட்டார், அதற்கடுத்ததைக் கேட்டார். வீடியோவில் இல்லாததையெல்லாம் ஞாபகத்திலிருந்து தோண்டிச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தரையில் இடது ஓரம் முழுக்கக் கோடுகளாகிவிட்டது. வலது பக்கம் இரண்டே இரண்டு.

"நீங்க கோலு விழுந்த எடத்தப் பாக்குறீக டீச்சர். பந்து கெளம்புன எடத்தப் பாருங்க. நமக்கு வேண்டியது லெஃப்ட் பேக்."

"பந்து எங்கன இருந்து வேணாலும் வரும் தம்பி. நடுவுல நிக்கிறவ தட்டிவிடணும். அதுக்குத்தான அவ நிக்கிறா."

"அவ எங்க நிக்கிறா. ஓரத்துக்கு ஓடிப்போயிர்றாளே."

"அதத்தான் நானும் சொல்றேன். அவளுக்கு எடத்துல நிக்கத் தெரியல."

"ஏன் ஓடுறேன்னு அவகிட்டக் கேட்டீகளா?"

கேட்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. "கேட்டா வாயத் தொறக்குற பிள்ளையா அது?" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளும் விவாதம் தொடர்ந்தது. என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்கிறேன். அந்த வருடம் பொதுப் பட்டியலில் ஷைனி என்று ஒரு பெண் பெயர் கொடுத்திருந்தாள். குமுளிக்காரி, கல்லூரி அணிக்கு ஸ்டாப்பராக ஆடியவள், நல்ல உயரம், எகிறினால் பந்து அவளுக்குத்தான். உயரத்தை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது, ஓரத்தில் நிற்பதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றேன். பாண்டியராஜன் வேறு மாதிரிப் பார்த்தார். பட்டியலில் ஸ்டாப்பராக ஆடக்கூடியவர்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். இடது காலில் ஆடும் பேக் ஒருத்திதான் இருந்தாள். கோம்பையைச் சேர்ந்த ஈஸ்வரி.

"ஸ்டாப்பர் ரெண்டாவது சுத்துலயும் கெடைப்பா டீச்சர். மூணாவது சுத்துல கூட ஒருத்தி மிஞ்சுவா. ஈஸ்வரி போனா போனதுதான். இருவது வயசுக்கு மேல எடது காலப் பழக்க முடியுமா, சொல்லுங்க."

 மூன்றாம் நாள் சாயங்காலம் ஒப்புக்கொண்டேன். முதல் சுற்றில் ஈஸ்வரி, இரண்டாவதில் யார் மிச்சமிருக்கிறார்களோ அந்த ஸ்டாப்பர். தாளில் என் கையாலேயே எழுதினேன்.

பிரித்தெடுக்கும் நிகழ்ச்சி தேனியில், அல்லிநகரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. இலை போடும் நீள மேசைகளில் அணிவாரியாக உட்கார்ந்திருந்தோம். பெயர் கொடுத்த பிள்ளைகள் சுவரோரமாக நின்றார்கள். சீட்டில் எங்களுக்கு இரண்டாவது முறை விழுந்தது. முதல் அணி ஷைனியை எடுத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர்கள் கோல் போடும் பிள்ளை ஒருத்தியின் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

மைக் என் கைக்கு வந்தது. கூடத்தில் இருந்த எல்லோரும் என்னையும் ஷைனியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அவள் தோளுக்குக் கீழேதான் இருந்தார்கள். நாலைந்து பேர் தள்ளி ஈஸ்வரி நின்றாள், ஐந்தடி இருந்தால் அதிகம். இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஷைனியை விட்டுவிட்டு இந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. ஷைனி வேறு அணிக்குப் போய் எங்களுக்கு எதிராக நின்றால் என்ன ஆகும் என்ற பயமும் வந்தது. மூன்று நாள் யோசித்து எடுத்த முடிவு, இரண்டு நிமிடத்தில் இந்த இரண்டு நினைப்புக்கும் தாக்குப்பிடிக்கவில்லை.

ஷைனி என்றேன். கைதட்டினார்கள்.

பாண்டியராஜன் பக்கம் திரும்பினேன். "சரி டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அதே சுற்றில் நான்காவது அணி ஈஸ்வரியை எடுத்துக்கொண்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் உத்தமபாளையம் தாண்டிய பிறகு, "நல்ல பிள்ளதான். நல்லா ஆடட்டும்" என்றார். அதற்குப் பிறகும் அவர் ஒருநாள்கூட அதைக் குத்திக்காட்டியதில்லை. உங்களுக்கு உதவிக்கு ஆள் தேடும்போது இந்தக் குணம் உள்ளவரைத் தேடுங்கள். ஆட்டம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள்.

பயிற்சி தொடங்கிய அன்று முத்துமாரியைக் கூப்பிட்டேன். "இந்த வருசம் நடுவுல ஷைனி நிக்கட்டும்த்தா. நீ கொஞ்ச நாளைக்கு வெளிய இரு, பாப்போம்" என்றேன். "சரி டீச்சர்" என்றாள். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். பந்துப் பையைத் தூக்கி வந்து போட்டுவிட்டு, மற்றவர்களோடு ஓடி, இரண்டு அணியாகப் பிரித்து ஆடும்போது வெளியே போய் நின்றுகொள்வாள்.

லீக் தொடங்கியது. முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றோம். ஷைனி மோசமாக ஆடினாள் என்று சொல்லவே முடியாது. அவள் நின்ற இடத்துக்கு வந்த பந்தையெல்லாம் தட்டிவிட்டாள். ஆனாலும் பழைய கோல்களேதான் விழுந்தன. இடது ஓரத்திலிருந்து பந்து வரும், நடுவில் யாரும் இருக்கமாட்டார்கள், முட்டுவார்கள். மூன்றாவது ஆட்டம் போடியில். முடிந்து வேனில் ஏறியதும் நான் ஷைனியிடம் கேட்டேன், கோபமாகத்தான் கேட்டேன்: "நடுவுல நில்லுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

முத்துமாரி மாதிரி இல்லை அவள். தன் மலையாளம் கலந்த தமிழில் திருப்பிக் கேட்டாள்.

"டீச்சரே, லெஃப்ட் சைடுல ஆளே இல்லா. கவிதா உள்ள திரும்புது, அவங்க வெளிய கூடி போகுது. ஞான் போகலேன்னா நேர கோலு. போனா நடுவுல ஆளில்ல. ஞான் எப்படி ரெண்டு எடத்துல நிக்கும்? சொல்லுங்க."

 கவிதா எங்கள் லெஃப்ட் பேக். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசி சீட்டில் முத்துமாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. புதிதாக வந்த பெண் மூன்று ஆட்டத்தில் சொல்லிவிட்டாள். இரண்டு சீசன் என் முன்னால் அதே மாதிரி ஓடிய பிள்ளையிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறுநாள் டவுன் பஸ் பிடித்துக் காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். தோட்டத்தில் பந்தலுக்குக் கீழே நாலைந்து பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். முத்துமாரி கையை உயர்த்தி, கொடியில் தேவையில்லாத இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வேலையை விட்டு என் பக்கம் வரப் பார்த்தாள். வேலையை நிறுத்த வேண்டாம் என்றேன். பந்தல் தலையில் இடித்ததால் நான் குனிந்தே நின்றேன்.

"போன வருசம் ஏன்த்தா எடது பக்கம் ஓடிக்கிட்டே இருந்த?"

கை நிற்காமல் பதில் சொன்னாள். "கவிதாவுக்கு வலது காலுதான் டீச்சர். பந்து வந்தா, வலது காலுக்கு மாத்த உள்ள திரும்புவா. திரும்புற நேரத்துல வெளிப்பக்கமாப் பறிச்சுட்டுப் போயிருவாக. நான் போகலன்னா உடனே கோலு. போனா கொஞ்சம் தாமசமா கோலு. தாமசமாவது ஆகட்டுமேன்னு போவேன்."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"கவிதா மேல பழி வந்துரும். அவளா கேட்டா அந்த எடத்த? நீங்கதான அங்கன போட்டீக." அடுத்த இலையைக் கிள்ளிவிட்டு, "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.

உண்மை. இடது காலுக்காரி யாரும் இல்லாததால் கவிதாவை அங்கே போட்டவள் நான்தான்.

"உன் மேலதான் தப்புன்னு ஒரு வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"தெரியும் டீச்சர்."

"பெறகு ஏன் தெனமும் வந்த?"

"வராம என்ன செய்ய. எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான்."

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தில் வேலை செய்த பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத்தான் கூச்சமாக இருந்தது. பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "என்னைய அந்த ஓரத்துல போடுங்களேன்" என்றாள்.

"உனக்கும் எடது காலு வராதே."

"வராது. ஆனா நான் உள்ள திரும்ப மாட்டேன். பந்து வந்தா வெளிய தட்டிவிட்டுருவேன். பாக்க அழகா இருக்காது, பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ப் பாண்டியராஜனிடம் சொன்னேன். கவிதாவை வலது காலுக்கு ஏற்ற மாதிரி நடுக்களத்தில் வலப்பக்கம் போட்டோம். அவளையும் தனியாகக் கூப்பிட்டு, தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். அழுதாள். பிறகு அவள் ஆடிய ஆட்டமே வேறு.

நாலாவது ஆட்டத்தில் முத்துமாரி இடது ஓரத்தில் நின்றாள். அழகாக இருக்காது என்று அவள் சொன்னது சரிதான். பந்து வந்தபோதெல்லாம் கோட்டுக்கு வெளியே அடித்தாள். பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து கோலுக்கு முன்னால் பந்து வருவது நின்றுபோனது. ஷைனி தன் இடத்தை விட்டு நகரவே வேண்டியிருக்கவில்லை. அந்த ஆட்டம் சமன். அதற்குப் பிறகு இரண்டு ஜெயித்தோம், இரண்டு தோற்றோம், ஒன்று சமன். தொடக்கத்தில் விட்ட மூன்று ஆட்டங்கள் கடைசி வரைக்கும் எங்களைத் துரத்தின. கடைசி ஆட்டத்துக்கு வரும்போது நிலைமை இதுதான்: சமன் செய்தால் தப்பிப்போம், தோற்றால் வெளியே.

அந்த ஆட்டம் கம்பத்தில். ஆடி மாதக் காற்று மலையிலிருந்து இறங்கி மைதானத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு கோல் போட்டிருந்தோம். இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது ஷைனி ஒரு பந்துக்கு எகிறி, இறங்கும்போது கணுக்கால் மடங்கி விழுந்தாள். தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தோம். வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் ஸ்டாப்பராக நிற்கக்கூடியவள் யாருமில்லை.

கயிற்றுக்குப் பின்னால் நின்ற கூட்டம் முழுக்க ஒரே குரலாகச் சொன்னது. "முத்துமாரிய நடுவுல விடுங்க டீச்சர்." அவள் நான்கு வருடம் நின்ற இடம் அதுதான். என் வாயிலும் அதே வார்த்தைதான் வந்து நின்றது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டியராஜன், "என்ன டீச்சர் செய்யலாம்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை அந்த நேரத்தில் ஒப்புக்கொண்டதுதான் அந்த சீசனில் நான் செய்த ஒரே நல்ல காரியம். கோட்டோரமாக ஓடி, முத்துமாரி நின்ற பக்கத்துக்குப் போனேன். மூச்சு வாங்கியது.

"ஏத்தா, நடுவுக்குப் போறியா? என்ன செய்யணும், நீ சொல்லு."

அவள் எதிரணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் போனா இங்கன திரும்பவும் ஓட்டை விழுந்துரும் டீச்சர். நான் இங்கனயே நிக்கிறேன். நடுவுல கவிதாவ விடுங்க. அவளுக்கு நல்லா எகிற வரும்."

திரும்பி ஓடி வந்து கவிதாவை நடுவுக்குப் போகச் சொன்னேன். கூட்டத்தில் சிலர் என்னை வாய்விட்டே திட்டினார்கள். கவிதாவின் முகம் வெளுத்துவிட்டது. "டீச்சர், நான் நடுவுல நின்னதே இல்ல" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. முத்துமாரி மைதானத்தில் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கவிதா, நீ முன்னால வர்றத மட்டும் பாரு. இந்தப் பக்கம் திரும்பாத. இங்கன வர்றத நான் பாத்துக்கிறேன்."

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் எதிரணி இடது ஓரத்தில் ஐந்து தடவை வந்தது. ஐந்து தடவையும் பந்து கோட்டுக்கு வெளியேதான் போனது. ஒரு தடவை பந்தோடு முத்துமாரியும் கயிற்றைத் தாண்டிப் போய் விழுந்தாள், எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுத் திரும்ப வந்தாள். கடைசியில் அவர்கள் பக்கம் மாற்றி வலப்புறத்திலிருந்து ஒன்று தூக்கிப் போட்டார்கள். காற்றில் பந்து வளைந்தது. கவிதா எகிறினாள். தலையில் படவில்லை, தோளில் பட்டுக் கோல் கம்பத்துக்கு மேலே போய்விட்டது. அதற்குப் பிறகு விசில்தான்.

ஐந்தாவது இடம். முந்தின வருடமும் ஐந்தாவதுதான். ஆனால் பிள்ளைகள் கோப்பையையே வாங்கிவிட்டதுபோல மண்ணில் புரண்டார்கள். ஷைனியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் நடுவில் வைத்தார்கள். பாண்டியராஜன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றார், வெகுநேரம் துடைத்தார்.

இதிலிருந்து நீங்கள் எப்போதும் லெஃப்ட் பேக்கைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று புரிந்துகொண்டால் நான் இவ்வளவு தூரம் வந்தது வீண். வேறொரு அணியில் ஓட்டை நடுவிலேயே இருக்கலாம், கோலியிடமும் இருக்கலாம். எந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். யார் என்பதை அதற்குப் பிறகு பாருங்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வீடியோ கொஞ்சம் உதவும். அங்கே நின்று அடிபட்ட பிள்ளையிடம் கேட்டால் அதைவிட நன்றாகத் தெரியும். அவள் தானாகச் சொல்லமாட்டாள். கூட ஆடுகிறவளைக் காட்டிக்கொடுப்பதாக ஆகிவிடும் என்று பயப்படுவாள். நீங்கள்தான் போக வேண்டும். தப்பு யாருடையது என்று கேட்காதீர்கள், என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொன்று, முன்கூட்டி யோசித்து எழுதியதை அந்த இரண்டு நிமிடத்தில் மாற்றாதீர்கள். மாற்றத் தோன்றினால், புதிதாக ஏதாவது தெரிந்ததா, அல்லது நாலு பேர் பார்க்கிறார்களே என்பதாலா என்று ஒரு தடவை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஈஸ்வரி அந்த அணியிலேயே நிலைத்துவிட்டாள். ஒவ்வொரு வருடமும் அவளை அவர்கள் தக்கவைத்துக்கொண்டார்கள். நல்ல பேக் என்று பெயர் வாங்கினாள். அந்தப் பிள்ளை எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவே இல்லை. சில தவறுகள் அப்படித்தான், அவற்றோடுதான் மேற்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்த வருடம் பிரித்தெடுக்கும் நாளில் எங்கள் மேசையில் மூன்றாவது நாற்காலி போட்டு முத்துமாரியை உட்காரவைத்தேன். ஆடுகிற பிள்ளை எதற்கு மேசையில் என்று பக்கத்து அணிக்காரர் ஒருவர் கேட்டார். எங்களுக்கு அவள் வேண்டும் என்றேன். அதற்கு முந்தின இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் டவுன் பஸ் ஏறி, எந்த ஊரில் பிள்ளைகள் ஆடினாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை.

எங்கள் முறை நான்காவது. அதுவரை போன மூன்று பேரும் பெயர் பெற்ற ஆட்டக்காரிகள். பட்டியலில் இன்னும் இரண்டு பெரிய பெயர்கள் மிச்சமிருந்தன. முத்துமாரி பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அம்சவேணி என்ற பெயரைத் தொட்டாள். எனக்கு அந்தப் பெயரே தெரியாது.

"யாருத்தா இது?"

"கூடலூர்ப் பிள்ள டீச்சர். எடது காலு. ஓரத்துல நிக்கிறதுக்குன்னே பெறந்தவ மாதிரி இருக்கா. பந்த வெளிய அடிக்க மாட்டா, எடுத்துக்கிட்டு முன்னால போவா."

பாண்டியராஜன் என்னைப் பார்த்தார். நான் முத்துமாரியைப் பார்த்தேன். அம்சவேணி வந்தால் இடது ஓரம் அவளுக்குப் போய்விடும். நடுவில் ஷைனி இருக்கிறாள், கால் சரியாகிவிட்டது. இது முத்துமாரிக்கும் தெரியாமல் இருக்காது.

"இவள எடுத்தா உனக்கு எங்கத்தா எடம்?"

"நடுவுல. ஷைனிகூட மல்லுக்கட்டி வாங்கிக்கிறேன் டீச்சர்" என்றாள். பிறகு மைக்குக்குக் கை நீட்டி, "நானே சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.